பிடி அரிசியும் ஒரு வெள்ளமும்

எங்க வீட்டு அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தூக்குவாளி இருக்கும். அம்மா காலத்தில் அது மண்கலயமா இருந்துச்சு. ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும், சோத்துக்கு அளந்து எடுத்த அரிசியில் இருந்து ஒரு பிடி அள்ளி அதில் போட்டுட்டுத்தான் மீதியைக் களைவாங்க. கூடுதலா எடுத்துப் போடுற பிடி இல்ல. நாம சாப்பிட வேண்டியதில் இருந்து குறைக்கிற பிடி. மாசக் கடைசியில் கோயில்ல இருந்து பெண்கள் வந்து வாங்கிட்டுப் போவாங்க. எங்க பக்கம் சர்ச்சைக் கோயில்னும், பாதிரியாரை ஐயர்னும்தான் சொல்லுவோம். பட்டணத்துக்காரங்க குழம்பிக்க வேண்டாம்.

இதுக்குப் பேர் பிடி அரிசிக் காணிக்கை. திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் வளர்ந்தவங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சேர்ற அரிசியை வித்துக் காசாக்கி ஊழியத்துக்குக் கொடுப்பாங்க. ஊர்ல படுத்துக் கிடக்கிறவங்க, புருஷனை இழந்தவங்க வீட்டுக்கும் போகும். ஐம்பது வருஷத்துக்கு மேல இந்த அரிசியைப் பாக்கேன். ஆனா அது எதுக்குன்னு எனக்கு விளங்கினது 2023 டிசம்பர்லதான்.

அந்த டிசம்பர் 17, 18 தேதிகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷத்துல பெய்ய வேண்டியதுக்கும் மேல ஒரு நாள்ல கொட்டிருச்சு. தாமிரபரணி கரை மீறிச்சு, குளங்கள் உடைஞ்சுச்சு. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்னு போய் நூத்துக்கணக்கான பயணிகள் மாட்டிக்கிட்டதும், பக்கத்துப் புதுக்குடி ஊர் மக்கள் அவங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டதும் டிவியில் பாத்திருப்பீங்க.

என் ஒண்ணரை ஏக்கர் வாழை பொங்கலுக்கு வெட்ட நின்னது. சக்கையும் கோழிக்கூடும். திங்கக்கிழமை விடியும்போது தண்ணிக்கு மேல இலை நுனி மட்டும் தெரிஞ்சுச்சு. வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. நெல் மூட்டை, அரிசிப் பானை, அந்தத் தூக்குவாளி எல்லாம் போச்சு. கரண்டு இல்ல, செல்போன் டவர் இல்ல. தெருவில் பாதிப் பேர் கோயிலுக்குள்ள போய் இருந்தோம். கோயில் மேட்டில் கட்டினது.

மூணாம் நாள் சாக்கு மூட்டைகளைத் தலையில் வச்சுக்கிட்டு, முழங்கால் சகதியில் பத்துப் பன்னிரண்டு பையன்கள் வந்தாங்க. எங்க ஊருக்கு வடக்கே மேட்டில் ஒரு சின்னக் குடியிருப்பு இருக்கு. அவங்களுக்கும் தனியா ஒரு சின்னக் கோயில், சின்னச் சபை. எங்க தோட்டங்களுக்கு வேலைக்கு வர்றவங்க. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்க கோயில்ல இருந்து அவங்களுக்குச் சேலையும் வேட்டியும் கொண்டு போய்க் கொடுப்போம். நானே பல வருஷம் கொண்டு போயிருக்கேன். மேட்டில் இருந்ததால அவங்க வீடுகளுக்குள்ள தண்ணி ஏறலை.

என் வாழைக்குக் களை எடுக்கிற பையன் என் முன்னால வந்து, "அண்ணாச்சி, அரிசி" என்றான்.

"எனக்கு வேண்டாம் தம்பி. இல்லாதவங்களுக்குக் குடு" என்று சொல்லிட்டேன்.

அவன் சுத்திமுத்திப் பாத்தான். "இங்க யாருக்கு அண்ணாச்சி இருக்கு?"

நான் பதில் சொல்லலை. வாங்கவும் இல்ல. அவன் முகம் சுருங்கிப் போச்சு. பக்கத்தில் நனைஞ்ச சேலையோட உக்காந்திருந்த எங்க பெரியம்மா, எண்பது வயசு தாண்டினவங்க, என்னைப் பாத்து ஒரு சத்தம் போட்டாங்க. "ஏலே, வாங்குல! நீ குடுக்கும்போது அவன் வாங்கலையா? அவனுக்கு அப்பம் வெக்கமா இருந்திருக்காதா?"

வாங்கினேன். கை கூசிச்சு. அந்தக் கூச்சம் எங்கே இருந்து வந்துச்சுன்னு அதுக்கப்புறம் ரொம்ப நாள் யோசிச்சேன். பழைய சபை வரலாற்றுப் புத்தகங்களை எடுத்து வாசிச்சேன். பெரியவங்க சொன்ன கதைகளை மறுபடி நினைச்சுப் பாத்தேன். எனக்குப் புரிஞ்சதை எழுதுறேன்.

எங்க பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்கள் எல்லாம் வாங்கின உதவியில் பிறந்த ஊர்கள். இதுதான் முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது. 1780இல் பாளையங்கோட்டையில் நாப்பது பேர் பேர் எழுதி ஆரம்பிச்ச சபை, தெற்கே பனங்காட்டு ஊர்களுக்குப் பரவினப்போ அடி, உதை, தீ வைப்பு எல்லாம் வந்துச்சு. சொந்த ஊரில் இருக்க முடியாம வந்தவங்களுக்காக டேவிட் சுந்தரானந்தம் என்ற உபதேசியார் 1799இல் நிலம் வாங்கி உண்டாக்கின ஊர்தான் முதலூர். முதல் ஊர், அதனால முதலூர். இப்ப நீங்க மஸ்கோத் அல்வா வாங்குற அதே முதலூர்.

அதுக்குப் பிறகு 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தவர் ரேனியஸ். பிரஷ்யா தேசத்துக்காரர், சர்ச் மிஷனெரி சங்கத்து ஐயர். அவர் காலத்தில் நிறையக் குடும்பங்கள் சேர்ந்துச்சு. ஆனா இவங்க குடியிருந்த மண் வேற ஆளுக்குச் சொந்தம். நிலக்காரர் கோபிச்சா குடிசையைப் பிரிச்சுக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா கிளம்ப வேண்டியதுதான். அதுக்காக 1830இல் ரேனியஸ் தர்ம சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சார். காசு சேர்த்து நிலம் வாங்கி, துரத்தப்பட்டவங்களைக் குடியேத்துறதுதான் அதோட வேலை. நம்ம டோனாவூர்ப் பேரும் அப்படித்தான். பிரஷ்யாவில் டோனா என்ற பிரபு கொடுத்த பணத்தில் வாங்கின ஊர், அவர் பேரிலேயே நிக்குது. அவரை அந்த ஊர்க்காரங்க யாரும் பாத்ததில்ல.

ஆக, எங்க பாட்டனார்களுக்குக் கால் ஊன்ற மண்ணே அடுத்தவங்க உதவியில் கிடைச்சது. இதில் மறைக்க ஒண்ணுமில்ல. அப்புறம் வெக்கம் எங்கே வந்துச்சு?

தாது வருஷப் பஞ்சத்தில் வந்துச்சுன்னு நினைக்கேன். 1876 முதல் 1878 வரை. மதராஸ் மாகாணம் முழுக்க லட்சக்கணக்கில் சனம் செத்த பஞ்சம். சர்க்கார் நிவாரண வேலையில் மண் சுமக்கிற ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும்னு கூலியைக் குறைச்ச காலம் அது. ஒரு பவுண்டுன்னா அரைக் கிலோகூட இல்ல. லண்டன் மேயர் திரட்டின நிதி இங்கே வந்தப்போ, அதைப் பங்கிட்டவங்களில் மிஷனெரிகளும் இருந்தாங்க. இடையன்குடி கால்டுவெல் ஐயர் பிஷப் ஆனதும் அந்த 1877லதான். நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் பஞ்சத்தில் அநாதையான பிள்ளைகளைச் சேர்த்து வச்சார்.

அந்த ரெண்டு வருஷத்தில் பல ஆயிரம் பேர் சபையில் சேர்ந்தாங்க. ஆபத்துக்குக் கை கொடுத்தவங்க மேல வந்த நன்றி சிலருக்கு. கஞ்சி கிடைக்கும்னு வந்தவங்களும் இருந்தாங்க. பஞ்சம் தீர்ந்ததும் திரும்பிப் போனவங்களும் உண்டு. இதைச் சபைக்காரங்களே ஒத்துக்கிட்டதுதான். ஆனா ஊருக்குள்ள அதுக்கப்புறம் ஒரு பேச்சு நிலைச்சுப் போச்சு. கஞ்சிக்கு வந்தவன், அரிசிக்கு வந்தவன்.

எங்க தாத்தா சின்ன வயசுல இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர். பனை ஏறி, கருப்பட்டி காய்ச்சி, செத்தாலும் ஒருத்தர்கிட்டக் கை நீட்ட மாட்டேன்னு இருந்தவர். ஒரு தடவை பனையில் இருந்து விழுந்து மூணு மாசம் படுக்கையில் கிடந்தப்போ, உபதேசியார் கொண்டு வந்த அரிசியைத் திருப்பி அனுப்பினாராம். பாட்டியும் பிள்ளைகளும் பனங்கிழங்கைத் தின்னு காலம் தள்ளினாங்க. எங்க அப்பா இதைப் பெருமையாச் சொல்லுவார். நானும் பெருமையாத்தான் கேட்டேன். அன்னைக்குக் கோயில்ல என் கை கூசினது அந்தப் பெருமையினாலதான். பிள்ளைகள் பட்டினி கிடந்ததை நாங்க யாரும் கணக்கில் எடுக்கவே இல்ல.

ஆனா அதே சபை, இந்த வெக்கத்துக்கு ஒரு மருந்தும் கண்டுபிடிச்சிருந்துச்சு. அது என் அடுப்படியிலேயே இருந்துச்சு.

ரேனியஸ் காலத்துலயே உபதேசிமார் தங்களோட சின்னச் சம்பளத்தில் இருந்து கொஞ்சம் போட்டு விதவைகளுக்குன்னு ஒரு நிதி வச்சிருந்தாங்க. நாளைக்கு நான் செத்தா என் பெண்டாட்டிக்கு வரும். இன்னைக்கு நீ செத்தா உன் பெண்டாட்டிக்கு. வாங்குறவ யாருக்கும் கடமைப்பட்டவ இல்ல, அவ புருஷன் போட்டதும் அதில் இருக்கு. லண்டனில் சர்ச் மிஷனெரி சங்கத்துக்குச் செயலாளரா இருந்த ஹென்றி வென் என்பவரும் இதையேதான் வேற மாதிரிச் சொன்னார். வெளிநாட்டுக் காசில் வளர்ற சபை கால் ஊன்றி நிக்காது, தன் செலவைத் தானே பாக்கணும், தன் நிர்வாகத்தைத் தானே நடத்தணும், தானே பரவணும்னு அவர் கட்சி. திருநெல்வேலிச் சபைகளில் அது நல்லாப் பிடிச்சுக்கிச்சு.

காசு இல்லாதவங்க எதைப் போடுறது? அங்கதான் பிடி அரிசி வருது. எந்த ஏழை வீட்டிலும் உலை வைக்கிற அன்னைக்கு ஒரு பிடி இருக்கும். பனையேறி கருப்பட்டி கொண்டு வந்தான். கோழி வளர்க்கிறவ முட்டை கொண்டு வந்தா. அறுப்பின் பண்டிகையில் அதெல்லாம் ஏலம் போகும். ஒரு பூசணிக்காய் நானூறு ரூபாய்க்குப் போறதைப் பாத்துப் பட்டணத்துச் சொந்தக்காரங்க சிரிப்பாங்க. காய்க்கு அந்த விலை இல்லதான்.

இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் உள்ளதுன்னும் நினைக்க வேண்டாம். மிசோரமில் மிசோப் பெண்கள் 1910இல் இருந்து இதே மாதிரி ஒரு பிடி அரிசி எடுத்து வைக்காங்க. அந்தச் சபைகளோட பெரிய பலமே அதுதான்.

அசனப் பண்டிகையும் இதே கணக்குத்தான். பாக்காதவங்களுக்குச் சொல்றேன். வருஷத்துக்கு ஒரு நாள் கோயில் வளாகத்தில் பெரிய கொப்பரையில் சோறு பொங்கி, கறிக்குழம்பு வச்சு, ஊர் முழுக்க உக்காந்து சாப்பிடுறது. அரிசி, ஆடு, தேங்காய், கத்தரிக்காய் எல்லாம் ஆளாளுக்குக் கொண்டு வந்து கொடுத்தது. கொப்பரையில் விழுந்த பிறகு யார் அரிசி எதுன்னு யாருக்குத் தெரியும்? கொண்டு வந்தவனும் கொண்டு வராதவனும் ஒரே பந்தியில் இருப்பான்.

இந்த விஷயத்தை உலகத்துக்கு முன்னாடி எடுத்துச் சொன்னவர் நம்ம பக்கத்து ஆள். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா. 1902இல் அவர் யாழ்ப்பாணம் போயிருந்தார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவங்க தங்கள் காசைப் போட்டு வெளியூருக்கு ஊழியக்காரரை அனுப்புறதைப் பாத்தார். நூறு வருஷமா வாங்கிக்கிட்டே இருக்கோமே, நாம என்ன கொடுத்தோம்னு அவருக்கு உறுத்திருச்சு. அடுத்த வருஷம், 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உண்டாச்சு. நம்ம ஆள், நம்ம காசு, நம்ம நிர்வாகம். அவங்க போன இடம் ஹைதராபாத் நிஜாம் ராஜ்யத்தில் தோர்ணக்கல். 1912இல் அசரியா அங்கே பிஷப் ஆனார். ஆங்கிலிகன் சபையில் முதல் இந்திய பிஷப்.

தோர்ணக்கல் சபையில் சேர்ந்தவங்க பெரும்பாலும் மாலா, மாதிகா சாதி ஏழைக் கூலிக்காரங்க. அவங்களுக்கும் அசரியா கொடுக்கத்தான் கத்துக் கொடுத்தார். இல்லாதவன்கிட்ட ஏன் கேக்கணும்னு நமக்குத் தோணும். எனக்கும் தோணுச்சு. இப்ப எனக்குப் புரியுறது இதுதான்: ஒருத்தன்கிட்ட எதையுமே கேக்காம அவனுக்குக் கொடுத்துக்கிட்டே இருந்தா, உன்கிட்ட ஒண்ணும் இல்லன்னு அவன்கிட்ட தினமும் சொல்ற மாதிரி ஆயிரும்.

1910இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. உலகம் முழுக்க இருந்து வந்த பெரிய பெரிய ஐயர்மார் நிறைஞ்ச சபையில், 35 வயசு அசரியா எழுந்து பேசினார். நீங்க நாட்டை விட்டு வந்தீங்க, பணம் கொடுத்தீங்க, உயிரையும் கொடுத்தீங்க, அதுக்கு இந்தியச் சபை நன்றியோட இருக்கும். ஆனா எங்களுக்கு அன்பும் வேணும், சிநேகிதர்களைக் கொடுங்கன்னு கேட்டார். உதவி செய்ற மிஷனெரி, உதவி வாங்குற இந்தியனைத் தன் வீட்டு மேசையில் சமமா உக்கார வச்சுச் சாப்பிடலையேங்கிற வருத்தம் அது. கூட்டத்தில் பலருக்குக் கோபம் வந்துச்சு.

இதை வாசிச்சப்போ எனக்குச் சுருக்குன்னுச்சு. அந்த வெள்ளைக்காரங்க இடத்தில் நான் என்னை வச்சுப் பாத்தேன். வருஷா வருஷம் சேலை கொண்டு போய்க் கொடுத்தேனே, அந்த வீடுகளில் ஒரு வீட்டிலாவது உக்காந்து ஒரு வாய் காப்பி குடிச்சிருக்கேனா? ஒரு அசனத்துக்காவது அவங்களை எங்க பந்தியில் முதல் பந்தியா இருக்கச் சொன்னோமா? சாதியைப் பத்திக் கோயிலுக்குள்ள பேசாம இருக்கிறதை நாங்க பெரிய நாகரிகம்னு நினைச்சுக்கிட்டோம். ரேனியஸ் தன் பள்ளியில் பிள்ளைகளை ஒண்ணா உக்காந்து சாப்பிடச் சொன்னப்போ, எத்தனையோ பிள்ளைகள் படிப்பே வேண்டாம்னு போனாங்களாம். இருநூறு வருஷம் ஆச்சு. நாங்க அந்தப் பந்தியை இன்னும் முழுசா முடிக்கலை.

வேதத்திலும் இந்தப் பாடம் இருக்கு. பவுல் கூடாரம் தைக்கிற தொழிலாளி. கொரிந்து ஊர்ச் சபையில் இருந்து அவர் தனக்குன்னு ஒரு காசு வாங்கலை. ஆனா பிலிப்பி ஊர்ச் சபை அனுப்பினதை ஒண்ணுக்கு ரெண்டு தடவை வாங்கினார், சிறையில் இருந்தப்போவும் வாங்கினார். அதே பவுல்தான் எருசலேமில் கஷ்டப்பட்ட சபைக்காகப் புறசாதிச் சபைகளில் எல்லாம் காசு தண்டினார். இன்னைக்கு உங்ககிட்ட இருக்கிறது அவங்க குறையை நிரப்பட்டும், நாளைக்கு அவங்களோடது உங்க குறையை நிரப்பும்னு கொரிந்துக்காரங்களுக்கு எழுதினார். கொடுக்கிற கை என்னைக்கும் ஒண்ணு, வாங்குற கை என்னைக்கும் வேறன்னு அவர் எழுதலை.

என் தாத்தாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. கேலி பேசினவங்க மத்தியில் நிமிர்ந்து நடக்க அவருக்கு அது ஒண்ணுதான் வழியாத் தெரிஞ்சிருக்கு. ஆனா அவர் திருப்பி அனுப்பின அரிசியில் பாட்டி போட்ட பிடியும் இருந்திருக்கும். வருஷக்கணக்கா அந்தக் கலயத்தில் போட்டுட்டு, தேவைப்பட்ட அன்னைக்கு அது தர்மம்னு நினைச்சுக்கிட்டார். நானும் அப்படித்தான் நினைச்சேன்.

வெள்ளம் வடிஞ்ச பிறகு அந்தப் பையன்கிட்ட ஒரு நாள் கேட்டேன், அத்தனை மூட்டை அரிசி எப்படிடா சேர்த்தீங்கன்னு. பாதி ரேஷன் அரிசி, வீட்டு வீட்டுக்கு வாங்கினது. மீதி, அவங்க கோயில்ல சேர்ந்திருந்த பிடி அரிசி அண்ணாச்சின்னான். கிறிஸ்துமஸுக்கு அதை வித்துக் கோயிலுக்கு வெள்ளை அடிக்கலாம்னு வச்சிருந்தாங்களாம். நாங்க சேலை கொண்டு போற அதே வீடுகளில் ஒவ்வொரு உலைக்கும் ஒரு பிடி ஒதுக்கியிருக்காங்க. அது எங்களுக்குத் தெரியாது. நாங்க கேட்டதே இல்ல.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்க ரெண்டு கோயிலிலும் வெள்ளை அடிக்கலை. எங்களுது முழுக்கச் சகதிக் கறை, அவங்களுதில் காசு இல்ல. 2024 அசனத்துக்கு அந்தப் பையன்களும் வந்து எங்களோட பரிமாறினாங்க, எங்களோடயே உக்காந்து சாப்பிட்டாங்க. ஒண்ணு ரெண்டு பேர் முணுமுணுத்ததும் என் காதில் விழுந்துச்சு. எல்லாம் மாறிருச்சுன்னு எழுதினா அது பொய். இந்த வருஷம் அவங்க கோயில் அசனத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருக்காங்க. எங்க ஊர்ல இருந்து எத்தனை பேர் போவாங்கன்னு அன்னைக்குத்தான் தெரியும். நானும் வீட்டுக்காரியும் போறோம். பெரியம்மாவை ஆட்டோவில் கூட்டிட்டு வரணும், இப்பமே சொல்லி வச்சிருக்காங்க.

வாழை மறுபடி வச்சாச்சு. அடுப்படியில் புதுசா ஒரு தூக்குவாளி வாங்கி வச்சிருக்கோம். நேத்து என் பேத்தி லீவுக்கு வந்தவ, ஆச்சி எதுக்கு அரிசியை எடுத்து இதில் போடுறீங்கன்னு கேட்டா. "நமக்கும் ஒரு நாள் வேணுமில்ல மக்கா" என்று சொல்லிட்டு என் வீட்டுக்காரி அரிசியைக் களையப் போனா.